கழுத்தில் அடிபட்டவரின் கை: மின் தூண்டல் சிகிச்சையால் என்ன பயன்?

மண்சரிவில் சுவர் விழுந்தோ, மரத்திலிருந்து தவறி விழுந்தோ கழுத்தில் பலத்த அடிபட்டவருக்குக் காலுடன் கையும் செயலிழக்கலாம். மூளையிலிருந்து கைக்குச் செல்லும் கட்டளைகள் கழுத்திலுள்ள முண்ணாண் வழியாகவே போகின்றன. முண்ணாண் நசுங்கினாலும் பலருக்குச் சில நரம்பு இழைகள் மிஞ்சியிருக்கும். அவற்றின் வழியே வரும் கட்டளை, கையை அசைக்கப் போதாத அளவு பலவீனமாக இருக்கும்.

மின் தூண்டல் சிகிச்சை இரண்டு வகைப்படும். முதலாவது பழைய முறை. முழங்கைக்குக் கீழே ஒட்டும் பட்டைகள் வழியாகச் சிறிய மின்சாரம் செலுத்தித் தசையைச் சுருங்கச் செய்வார்கள். அதே நேரத்தில் நோயாளி கோப்பையைப் பிடிக்க முயல வேண்டும்.

இரண்டாவது புதிய முறை. பட்டைகளைப் பின்கழுத்துத் தோலில் ஒட்டுவார்கள். சத்திரசிகிச்சை தேவையில்லை. மின்சாரம் முண்ணாணிலுள்ள நரம்புகளைத் தூண்டுவதால், மூளையின் பலவீனமான கட்டளைக்கும் அவை இணங்குகின்றன. அமெரிக்கா, கனடா, ஐரோப்பா ஆகிய இடங்களில் 60 பேர் முதலில் இரண்டு மாதம் பயிற்சி மட்டும் செய்தனர். அடுத்த இரண்டு மாதம் மின் தூண்டலுடன் செய்தனர். 72 சதவீதமானோருக்குக் கையின் பலமும் செயற்பாடும் கூடின. அடிபட்டு 34 ஆண்டுகள் கடந்தவருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. இம்முடிவு 2024 மே மாதம் வெளியானது. அந்த டிசம்பரில் அமெரிக்கா இக்கருவிக்கு அனுமதி வழங்கியது.

இது முழுக் குணமல்ல. கோப்பையைப் பிடிப்பது, விரல்களால் கிள்ளி எடுப்பது போன்றவை எளிதாகலாம். பயிற்சி இல்லாமல் மின்சாரம் மட்டும் பயன் தராது. ஆகவே புதிய கருவிக்காகக் காத்திருக்காமல் இவற்றைச் செய்யுங்கள்:

• தோட்ட வைத்தியரிடம், அல்லது டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா பொது வைத்தியசாலையிலோ காட்டி, இயன்மருத்துவரிடம் அனுப்பும்படி கேளுங்கள். கண்டி மாவட்டத்தில் திகன புனர்வாழ்வு வைத்தியசாலையும் உண்டு.

• இடம்பெயர்ந்தபோது கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால், முன்பு சிகிச்சை பெற்ற வைத்தியசாலையில் பதிவைக் கேளுங்கள்.

• விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள் ஆகியவற்றைத் தினமும் மெதுவாக மடக்கி நீட்டிவிடுங்கள். மூட்டு இறுகிவிட்டால் பின்னர் எந்தச் சிகிச்சையும் கடினம்.

• கடையில் விற்கும் அதிர்வு, மின் மசாஜ் கருவிகளை நீங்களாகப் பயன்படுத்த வேண்டாம். உணர்வில்லாத தோல் சுட்டாலும் தெரியாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் கர்ப்பிணிகளும் அதை வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

• திடீரெனக் கடும் தலைவலி, முகம் சிவத்தல், வியர்வை ஏற்பட்டால் நிமிர்த்தி உட்கார வையுங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியுள்ளதா எனப் பாருங்கள். இது உயிராபத்தானது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அடிபட்டுப் பல வருடமாகிவிட்டது என்று வீட்டிலேயே விட்டுவிட வேண்டாம். ஒரு முறையேனும் இயன்மருத்துவரிடம் கையைக் காட்டுங்கள்.