லினக்ஸைத் திட்டிய மைக்ரோசாஃப்ட்... இப்போது குடியிருப்பது யார் வீட்டில்?

2001-ல் லினக்ஸைப் புற்றுநோய் என்று வர்ணித்தார், அன்றைய மைக்ரோசாஃப்ட் சி.இ.ஓ ஸ்டீவ் பால்மர். அதே லினக்ஸின் பிதாமகன் லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் 'கிட்'. பலர் சேர்ந்து எழுதும் நிரலைக் குழப்பமில்லாமல் பார்த்துக்கொள்ளும்.

2014-ல் சத்யா நாதெள்ளா பொறுப்பேற்றார். காற்று திசை மாறியது. 2017-ல் சுமார் 35 லட்சம் ஃபைல்கள், 300 ஜி.பி கொண்ட விண்டோஸ் நிரலே கிட்டுக்குக் குடிபோனது!

இவ்வளவு பெரிய மூட்டையைத் தூக்க கிட் திணறியது. வேகம் கூட்ட மைக்ரோசாஃப்ட் ஆட்கள் எழுதிய மாற்றங்களில் பலவற்றை கிட் திட்டத்துக்கே அனுப்பினார்கள். அங்கே கம்பெனி பெயருக்குத் தனி மரியாதை கிடையாது. வெளியாட்கள் படித்துப் பார்த்து 'திருத்துங்கள்' என்றால், எத்தனை சீனியராக இருந்தாலும் திருத்தித்தான் ஆகவேண்டும். கம்பெனிக்காரர்களுக்குக் கஷ்டமான பாடம் இதுதான். திருத்தினார்கள், கிட்டும் ஏற்றுக்கொண்டது.