ஸ்கேன் சரி, கை மட்டும் நடுங்குகிறது

ஒருவருக்குக் கை நடுங்கி, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தால், நம் குடும்பங்களில் உடனே இரண்டு தீர்ப்புகள் கிடைக்கும். ஒன்று, ‘நடிப்பு’. மற்றது, ‘காற்று கருப்பு’. என் தங்கை மகளுக்கு இரண்டும் கிடைத்தன. செயல்பாட்டு இயக்கக் கோளாறு என்ற சரியான பெயர் கிடைக்க ஒன்றரை வருடம் ஆயிற்று. அதற்குள் அவள் வேலையை விட்டுவிட்டாள்.

நான் மருத்துவன் அல்ல, ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவன். எனக்குப் புரிந்தது இதுதான்: தண்டவாளம் பழுதில்லை, வண்டிகளை நடத்தும் முறையில்தான் குழப்பம். ஸ்கேன் தண்டவாளத்தைத்தான் படம் பிடிக்கும். நோயாளி வேண்டுமென்று செய்வதில்லை.

வேறு நோய் இல்லை, ஆகவே இது என்று கழித்துக் கண்டுபிடிக்கும் வியாதியல்ல இது. நேரடி அடையாளங்கள் உண்டு. 1908ல் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு சோதனையைச் சொன்னார். வலுவிழந்த காலின் குதிகாலைக் கட்டிலில் அழுத்தச் சொன்னால் முடியாது. நல்ல காலை, மருத்துவர் கையால் தடுக்க, தூக்கச் சொன்னால் அதே குதிகால் தானாகவே அழுத்தும்! நடுக்கத்துக்கு வேறு சோதனை. மறு கையால் ஒரு தாளத்தில் தட்டச் சொல்வார்கள். நடுக்கம் அந்தத் தாளத்துக்கு மாறும், அல்லது சற்று நிற்கும். பார்க்கின்சன் நடுக்கம் அப்படி மாறாது. மனக்கணக்குப் போடச் சொன்னால் கூடவும் கூடும்.

சிகிச்சையும் இங்கேயே ஆரம்பமாகிறது. ‘பாருங்கள், வழி சரியாக இருக்கிறது’ என்று நோயாளிக்கே அந்த அடையாளத்தைக் காட்டுகிறார்கள். பிறகு பிசியோதெரபி: கவனத்தை வேறிடம் திருப்பி அசைக்கப் பழக்குவது. நேராக நடக்கத் தடுமாறும் சிலர் பின்னோக்கி நன்றாக நடப்பார்கள், அங்கிருந்து தொடங்குவார்கள். கவலை, மனச்சோர்வு இருந்தால் அதற்கும் வைத்தியம். ஆனால் மனக்கஷ்டம் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் அந்த நிபந்தனையை 2013ல் நீக்கிவிட்டது. ‘மனசில் என்ன குறை, சொல்’ என்று குடையும் பெரியவர்கள் கவனிக்கவும். வீட்டார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பதும் நல்லதல்ல. எங்கள் பெண்ணுக்கு இப்போது எழுத வருகிறது. காப்பி டம்ளரைத் தூக்கினால் இன்னும் நடுங்குகிறது.

வீட்டில் சோதித்து முடிவு கட்ட வேண்டாம். பார்க்கின்சனும் இதுவும் ஒருவருக்கே சேர்ந்தும் வரலாம். திடீரென்று ஒரு பக்கம் கை கால் விழுந்தால் பக்கவாதம் என்றே எண்ணி மருத்துவமனைக்கு ஓடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4½ மணி நேரம்தான் கெடு. மற்றபடி நரம்பியல் நிபுணரைப் பாருங்கள். பெங்களூர் நிம்ஹான்ஸில் நரம்பியலும் மனநலமும் ஒரே நிறுவனத்தில் உண்டு. நடுக்கம் வரும்போது செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போனால், மருத்துவர் எதிரில் அது வராவிட்டாலும் காட்டலாம்.