மரண தண்டனை பெற்ற மருத்துவச்சி

நாடு கடத்தப்பட்ட கைதிகளை வரலாறு பெரும்பாலும் எண்ணிக்கையாகவே நினைவில் வைத்திருக்கிறது. 1788 முதல் 1868 வரை பிரித்தானிய அரசு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியவர்கள் சுமார் 1,62,000 பேர். அவர்களுள் பெண்கள் ஏறத்தாழ 25,000 பேர். அப்பெண்களுள் ஒருவரது வாழ்க்கைத் தடத்தை இத்திங்கள் பின்தொடர்வோம்.

மார்கரெட் கேட்ச்போல் 1762-இல் இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தார். இப்ஸ்விச் நகரில் ஜான் கோபோல்டு என்னும் செல்வரின் இல்லத்தில் பணிப்பெண்ணாகச் சேர்ந்து, அங்கேயே எழுதப் படிக்கக் கற்றார். வேலையை விட்டகன்றபின், 1797 மே மாதம் அதே வீட்டுக் குதிரையைத் திருடி, சுமார் 70 மைல் தொலைவிலுள்ள இலண்டனுக்குப் பத்து மணி நேரத்தில் சென்றடைந்தார், அங்கே பிடிபட்டார். அக்காலச் சட்டம் குதிரைத் திருட்டுக்கு விதித்தது தூக்குத் தண்டனை! அது ஏழாண்டு நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1800-இல் துணி உலர்த்தும் கயிற்றைக் கொண்டு சிறைச்சுவரைத் தாண்டித் தப்பினார். மீண்டும் பிடிபட்டார், மீண்டும் மரண தண்டனை, மீண்டும் உயிர்ப்பிச்சை. இம்முறை ஆயுள் முழுவதும் நாடுகடத்தல்.

1801 டிசம்பரில் 'நைல்' என்னும் கப்பல் அவரைச் சிட்னியில் இறக்கிற்று. ஹாக்ஸ்பரி ஆற்றங்கரைக் குடியேற்றத்தில் சிறு பண்ணையும் கடையும் நடத்தினார், நோயாளரைப் பேணினார், மருத்துவச்சியாகப் பல தாய்மாருக்குப் பேறு பார்த்தார். பிறந்த மண்ணிலிருந்த உறவினருக்கும், தாம் யார் வீட்டுக் குதிரையைத் திருடினாரோ அந்த வீட்டு அம்மையாருக்கும் மடல்கள் வரைந்தார். பேசுவதுபோலவே எழுதப்பட்ட அம்மடல்கள், 1806-ஆம் ஆண்டு வெள்ளத்தைக் கண்ணால் கண்டவரின் சான்றாக இன்றும் போற்றப்படுகின்றன. 1814-இல் முழு மன்னிப்புக் கிடைத்தது. ஆயினும் அவர் தாயகம் திரும்பவில்லை. 1819-இல் நோயுற்ற ஆட்டிடையர் ஒருவரைப் பேணுகையில் அவரது காய்ச்சல் தம்மையும் தொற்ற, மே 13 அன்று உயிர் நீத்தார்.

கோபோல்டு குடும்பத்து மகனான ரிச்சர்டு என்னும் குரு 1845-இல் இவரைப் பற்றி நாவலொன்று எழுதினார். கதையில் அவர் மணமுடித்துச் செல்வச் சிறப்போடு வாழ்கிறார். மெய்வாழ்விலோ மணமும் இல்லை, செல்வமும் இல்லை. உண்மையைக் காத்துத் தந்தவை அவர்தம் மடல்களும், ரிச்மண்ட் ஊர் ஆங்கிலிக்கன் ஆலயத்தின் அடக்க ஏடுமேயாம். அவ்வேட்டில் அவர் பெயரைப் பதிந்த குரு ஹென்றி ஃபுல்டனும், 1798-ஆம் ஆண்டு அயர்லாந்துக் கிளர்ச்சியை முன்னிட்டு நாடு கடத்தப்பட்டவரே! கைதியாய் வந்த ஒருவரது அடக்கத்தை, கைதியாய் வந்த குருவே ஏட்டில் எழுதினார்.

அன்பார்ந்த குடும்பத்தாரே! நம் பங்கு ஏடுகளில் திருமுழுக்குப் பெற்றவரின் பெயர் உண்டு. அவர் பின்னாளில் செய்த குற்றம் அங்கே எழுதப்படுவதில்லை. ஆனால் நம் தெருவில்? சிறை சென்று மீண்ட பெண்ணுக்கு வீட்டு வேலை தரவும், நம் பெண்ணின் பேறுகாலத்தில் அவள் துணையை ஏற்கவும் எத்தனை இல்லங்கள் முன்வரும்? ஹாக்ஸ்பரிக் கரைத் தாய்மார் குதிரை திருடியவளின் கைகளில் தம் பச்சிளங் குழந்தைகளை ஒப்படைத்தனர். அந்த நம்பிக்கையே அவருக்குப் புதுவாழ்வு தந்தது. சிலுவையில் தம் அருகே தொங்கிய கள்வனுக்கு வீட்டின் கதவைத் திறந்துவிட்ட ஆண்டவரின் பிள்ளைகள் நாம். நம் கதவும் திறக்கட்டும்.