தேதியிலிருந்து காலத்தைக் கழித்தல்

ஒரு தேதியிலிருந்து நாட்களைக் கழிப்பது எளிது. மாதங்களைக் கழிப்பது அவ்வளவு எளிதன்று. வாரத்திற்கு 7 நாள் என்பது மாறா அளவு. மாதமோ 28 முதல் 31 நாள் வரை நீண்டும் குறுகியும் வருவது. பதிவேடுகள் கணிப்பொறியின் தரவுத்தளத்திற்கு மாறிவரும் இந்நாளில், இவ்வேறுபாட்டைக் களப்பணியாளர் அறிந்திருத்தல் அவசியம்.

மும்பையின் விக்ரோலியில், குன்றுச் சரிவிலுள்ள குடியிருப்புகளுக்கு வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எந்தெந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி என்னும் பட்டியல் அவருக்கு வேண்டும். 6, 10, 14 வாரத் தவணைகளில் ஐயமில்லை. 6 வாரம் என்பது என்றும் 42 நாளே. தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் முதல் தவணையோ 9 மாதம் நிறைந்தபின் இடப்படுவது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் குழந்தையின் உடலில் எஞ்சியிருக்கையில் ஊசியிட்டால் பயன் குறையும். தாமதித்தாலோ நோய் முந்திக்கொள்ளும்.

பட்டியல் எடுக்கும் நாள் 2025 நவம்பர் 30 எனக் கொள்வோம். அதிலிருந்து 9 மாதம் கழித்தால் பிப்ரவரி 30 வருகிறது. அப்படியொரு நாள் இல்லை! போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல் ஆகியவை பிப்ரவரி 28 என விடை தரும். எஸ்கியூலைட், மிகுந்த இரு நாளை முன்தள்ளி மார்ச் 2 என்னும். ஆரக்கிளில் மாத இடைவெளியை நேராகக் கழித்தால் பிழைச் செய்தியே கிட்டும். மாதத்திற்கு 30 நாள் வீதம் 270 நாள் கழித்தாலோ மார்ச் 5 ஆகும். மார்ச் 1 அன்று பிறந்த குழந்தை ஒரு பட்டியலில் இடம்பெறும், மற்றொன்றில் இடம்பெறாது.

ஆகவே, வினவலை எழுதுமுன் மாதக் கணக்கா, நாட்கணக்கா என்பதை வழிகாட்டு விதியைக் கொண்டு முடிவு செய்க. மாதக் கடைசி நாட்களைக் கொண்டு சோதித்துப் பார்க்க. கணிப்பொறியின் கடிகாரத்தையும் கவனிக்க: அது உலகப் பொது நேரத்தில் ஓடுமாயின், இந்திய நேரம் காலை 5.30 வரை அதற்கு ‘இன்று’ என்பது நமக்கு நேற்றே.

ஆசிரியர்கள் இவ்வினாவை வகுப்பில் கொடுக்கலாம்: 2025 மார்ச் 31-இலிருந்து ஒரு மாதம் கழித்து, வரும் விடையுடன் ஒரு மாதம் கூட்டினால் எந்நாள் வரும்? போஸ்ட்கிரஸ் தரும் விடை மார்ச் 28. கழித்ததைக் கூட்டினால் பழைய எண்ணே வரும் என்னும் பள்ளிக்கணக்கு நாட்காட்டிக்கு எப்போதும் பொருந்துவதில்லை.