கிட்டாரின் இசையும் மின்சாரத்தின் இரைச்சலும்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்து அம்மன் கோயில் தெருக்களில் மெல்லிசைக் கச்சேரிகள் களைகட்டும். அப்போது மேடையில் கிட்டார் வாசிப்பவரின் காலடியைக் கவனித்துப் பாருங்கள். ஒரு பலகையின் மேல் சின்னச் சின்னப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். அவர் ஒன்றைக் காலால் அழுத்தினால் கிட்டாரின் ஒலி குகைக்குள் ஒலிப்பதுபோல் எதிரொலிக்கும்; இன்னொன்றை அழுத்தினால் கரகரவென்று முழங்கும். பெடல் என்றும் பிராசஸர் என்றும் அழைக்கப்படும் இப்பெட்டிகளில் பல இன்று எண்முறையில் இயங்குபவை. அதாவது, உள்ளே ஒரு சிறு கணிப்பொறியே வேலை செய்கிறது.

பாட்டு நிற்கும் இடைவெளியில் சில வேளைகளில் 'உம்...' என்று ஓர் இரைச்சல் கேட்கும். ஆம்ப்ளிஃபயரைக் குறை சொல்வார்கள். ஒயரைக் குறை சொல்வார்கள். ஆனால், பல சமயங்களில் குற்றவாளி யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு கறுப்புப் பெட்டிதான். முன்பு 'பாட்டரி எலிமினேட்டர்' என்றும் இன்று 'அடாப்டர்' என்றும் நாம் அழைக்கும் மின்வழங்கியே அது. நல்ல மின்வழங்கியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? பள்ளியில் படித்த இயற்பியலே இதற்குப் போதும்.

'உம்' எங்கிருந்து வருகிறது?

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். அது வினாடிக்கு 50 முறை முழுச் சுற்று சுற்றுகிறது. பெடலுக்குத் தேவையோ பெரும்பாலும் 9 வோல்ட் நேர்திசை மின்சாரம். பழைய வகை அடாப்டரில் ஒரு மின்மாற்றி 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கிறது. நான்கு டையோடுகள் அதை ஒரே திசையில் திருப்பிவிடுகின்றன. இப்போது கிடைப்பது சீரான மின்னழுத்தம் அன்று. வினாடிக்கு 100 முறை எழுந்து விழும் மேடுபள்ளம்.

இந்தப் பள்ளங்களை நிரப்ப ஒரு மின்தேக்கி வைக்கிறார்கள். குழாயில் விட்டுவிட்டு வரும் தண்ணீரை மேல்நிலைத் தொட்டியில் தேக்கிச் சீராகப் பயன்படுத்துகிறோம் அல்லவா? அதே வேலைதான். தொட்டி சிறியதாயின் நீர்மட்டம் ஏறி இறங்கும். பெடல்கள் 500 மில்லி ஆம்பியர் இழுக்கின்றன, மின்தேக்கி 4700 மைக்ரோ ஃபாரட் என்று கொள்வோம். மின்னோட்டத்தை நூறாலும் மின்தேக்கியின் மதிப்பாலும் வகுத்தால், ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 1 வோல்ட் என்று விடை வரும். இதுதான் சிற்றலை.

கிட்டார் கம்பிக்குக் கீழே உள்ள 'பிக்கப்' என்பது காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்தது. ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே அதன் அடிப்படை. அது தரும் மின்னழுத்தம் வழக்கமாக 100 மில்லி வோல்ட் அளவில்தான் இருக்கும். அருகிலேயே 1 வோல்ட் சிற்றலை இருந்தால் அதன் ஒரு சிறு பங்கு கசிந்தாலும் காதில் விழும். மேலும், கிட்டாரின் ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸிலும் ஐந்தாவது கம்பி 110 ஹெர்ட்ஸிலும் அதிர்கின்றன. சிற்றலையின் 100 ஹெர்ட்ஸ் சரியாக இவ்விரண்டுக்கும் நடுவே உட்காருகிறது! இரைச்சலை வடிகட்டப் போனால் இசையும் சேர்ந்து போய்விடும். ஆகவே, அதைப் பிறக்கும் இடத்திலேயே அடக்க வேண்டும்.

அடக்குவதற்கு இருப்பது மின்னழுத்த ஒழுங்கி. சென்னை ரிச்சித் தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும் மூன்று கால் '7809' சில்லு அத்தகையது. 1 வோல்ட் சிற்றலையை அது சில மில்லி வோல்ட்டாகக் குறைத்துவிடும். ஆனால், ஒரு நிபந்தனை உண்டு: அதன் உள்ளே வரும் மின்னழுத்தம் வெளியே போவதைவிட ஏறத்தாழ 2 வோல்ட் கூடுதலாக, அதாவது 11 வோல்ட்டுக்குக் குறையாமல், இருக்க வேண்டும். இந்த 11 என்ற எண்ணை நினைவில் வையுங்கள்.

கனமானதா, இலேசானதா?

இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் கையில் எடுத்தால் இலேசாக இருக்கும் 'ஸ்விட்ச் மோட்' வகை. இவை மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து, மிகச் சிறிய மின்மாற்றி வழியே அனுப்புகின்றன. நம் செவி 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேளாது. அப்படியானால் இவற்றின் இரைச்சல் எப்படிக் கேட்கிறது?

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஓர் அடாப்டர் 65,000 ஹெர்ட்ஸிலும் மற்றொன்று 66,000 ஹெர்ட்ஸிலும் இயங்கினால், கரகரப்பு உண்டாக்கும் பெடலில் இரண்டும் கலந்து, அவற்றின் வேறுபாடான 1,000 ஹெர்ட்ஸ் 'கீ' என்று ஒலிக்கும். இரண்டாவது வழி எண்முறைக் கருவிக்கே உரியது. சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். வினாடிக்கு 48,000 முறை ஒலியை அளக்கும் கருவிக்குள் 47,000 ஹெர்ட்ஸ் இரைச்சல் புகுந்தால், அதுவும் இவ்வாறே 1,000 ஹெர்ட்ஸாக வேடம் போட்டுக்கொள்ளும். ஒலி நுழையும் வாயிலில் இதைத் தடுக்க வடிப்பான் உண்டு. ஆனால், மின்வழங்கிக் கம்பி வழியே கொல்லைப்புறமாக வருவதை அந்த வடிப்பான் தடுக்காது.

எனவே, பழைய வகையே மேல் என்று முடிவு கட்டிவிடலாமா? பொறுங்கள். வீட்டில் மின்சாரம் நின்று இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கினால் கதை மாறுகிறது. வீட்டு மின்சாரம் சைன் அலை. அதன் உச்சம் 325 வோல்ட். மலிவான இன்வெர்ட்டர் தருவது சதுர அலை. அதன் உச்சமும் 230 வோல்ட்தான். சைன் அலையில் நம் 12 வோல்ட் மின்மாற்றியின் உச்சம் 17 வோல்ட், டையோடுகளில் 1.4 போக 15.6 மிஞ்சும். சதுர அலையிலோ 12-இல் 1.4 போக 10.6 வோல்ட்தான். ஒழுங்கிக்குத் தேவையான 11 கிடைக்கவில்லை! வெளியே வரும் மின்னழுத்தம் 9-க்குக் கீழே இறங்கும். சதுர அலையின் கூரிய விளிம்புகள் 'ட்ர்ர்' என்று ஒலிக்குள் கசியும். ஆனால், 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் நல்ல ஸ்விட்ச் மோட் அடாப்டர் இதையெல்லாம் பொருட்படுத்தாமல் சீரான 9 வோல்ட்டைத் தரும். ஆகவே எடை முக்கியமன்று. உள்ளே உள்ள வடிகட்டலே முக்கியம்.

ஒரே அடாப்டரில் பல பெட்டிகள்

ஓர் அடாப்டரிலிருந்து கிளைக்கம்பி வழியே ஐந்தாறு பெடல்களுக்கு மின்சாரம் எடுப்பது வழக்கம். செலவு குறைவுதான். ஆனால், ஓம் விதி நம்மைச் சும்மா விடாது. எண்முறைப் பெடல் இழுக்கும் மின்னோட்டம் அதன் உட்கணிப்பின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் 100 மில்லி ஆம்பியர், பொதுக் கம்பியின் மின்தடை 0.1 ஓம் என்றால், கம்பியில் 10 மில்லி வோல்ட் அலைச்சல் தோன்றும். கிட்டாரின் 100 மில்லி வோல்ட்டில் இது பத்தில் ஒரு பங்கு! இதைத் தவிர்க்கவே ஒவ்வொரு வெளியீடும் மற்றவற்றிலிருந்து மின்முறையில் தனித்து நிற்கும் மின்வழங்கிகள் விற்கப்படுகின்றன. விலை கூடுதல். அதை வாங்க இயலாதவர்கள் எண்முறைப் பெடலுக்கு மட்டுமாவது ஒரு தனி அடாப்டர் வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும் முன்

முதலில் மின்னழுத்தம். 9 வோல்ட் பெடலுக்கு 9 வோல்ட்தான் தர வேண்டும். நேர்திசையா, மாறுதிசையா என்பதையும் படியுங்கள். லைன் 6 நிறுவனத்தின் முதல் டி.எல்.4 போன்ற சில பழைய எண்முறைக் கருவிகள் 9 வோல்ட் மாறுதிசை மின்சாரம் கேட்பவை.

அடுத்தது முனை. கிட்டார் பெடல்களில் பெரும்பாலும் செருகியின் நடுவே எதிர்முனை இருக்கும். ஒய்ஃபை ரூட்டர் அடாப்டரின் செருகியும் அதே அளவில் அமைவதுண்டு. ஆனால் பெரும்பாலும் நடுவே நேர்முனை. மாற்றிச் செருகினால் பெடல் பழுதாகலாம்.

மூன்றாவது மின்னோட்டம். எல்லாப் பெடல்களின் தேவையையும் கூட்டி, அதில் கால் பங்கு மேலும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடாப்டரில் 1 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் பெடல் தனக்கு வேண்டிய அளவை மட்டுமே எடுக்கும். ஆனால், போதாத அடாப்டரை மாட்டினால் மின்னழுத்தம் சரிந்து, எண்முறைக் கருவி பாட்டின் நடுவே அணைந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

உயிர் பெரிது

மேடையில் பலமுறை ஜெனரேட்டரிலிருந்தோ தற்காலிக மும்முனை இணைப்பிலிருந்தோ மின்சாரம் வரும். அங்கே நியூட்ரல் கம்பி அறுந்தால், குறைந்த சுமை உள்ள முனையில் 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வோல்ட் வரை ஏறக்கூடும். ஆகவே, எதையும் செருகுமுன் மல்ட்டி மீட்டரால் அளந்து பாருங்கள்.

'உம்' போக வேண்டும் என்று ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் காலை வெட்டிவிடுவோர் உண்டு. இதை ஒருபோதும் செய்யாதீர்கள். 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ நகரில், 'ஸ்டோன் தி க்ரோஸ்' குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மின் அதிர்ச்சியால் இறந்தார். கம்பியில் விரலும் மைக்கில் உதடுமாக நிற்பவரின் உடலே மின்பாதையாகிவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை மேடைப் பலகையில் பொருத்திக்கொள்வது நல்லது.

கடைசியாக, நீங்களே செய்து பார்க்க ஓர் எளிய சோதனை. இரைச்சல் வந்தால், பாட்டரியில் இயங்கக்கூடிய ஒரு பெடலை மட்டும் வைத்துக்கொண்டு, அடாப்டரைக் கழற்றிவிட்டு 9 வோல்ட் பாட்டரியைப் போடுங்கள். பாட்டரியில் சிற்றலை இல்லை, பொதுக்கம்பியும் இல்லை. இரைச்சல் மறைந்தால் அடாப்டரை மாற்றுங்கள். மறையாவிட்டால் அடாப்டர் நிரபராதி. ஒயரையும் பிக்கப்பையும் தேடுங்கள். காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே பணத்தைச் செலவிடுங்கள்.