பின் பிரேக் பிடிக்கலையா? உஷார்!

திருமயம்—
புதுக்கோட்டை–காரைக்குடி ரோட்டில் திருமயம் கோட்டையைத் தாண்டிப் பறக்கும் மோட்டார் சைக்கிள்காரரே, ஒரு நிமிஷம்! பின் பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்காமல் போகிறதா? முன் பிரேக் இருக்கே என்று அசட்டையாக இருக்காதீர்கள். மணல் கிடக்கும் இடத்தில் அதை மட்டும் அமுக்கினால் ஆள் குப்புற விழ வேண்டியதுதான்!

காட்டிக் கொடுக்கும் அம்பு

டிரம் பிரேக் வண்டியில் மிதி 2, 3 சென்டிமீட்டர் சும்மா இறங்கலாம். அதற்கு மேல் போனால் பின்சக்கரத்துப் பிரேக் கம்பி நட்டை முடுக்கணும். முடுக்கியதும் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உரசினால் டிரம் சூடேறி பிரேக் இன்னும் மந்தமாகும்.

நட்டு கடைசி மரைக்கு வந்துவிட்டதா? மிதித்துப் பிடித்தால் அம்புக்குறி எல்லைக் கோட்டைத் தொடுகிறதா? ஷூ தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். கிரீஸ் குடித்த ஷூவை உப்புத்தாளால் தேய்த்துப் பயனில்லை, அதையும் மாற்றணும். டிரம்மில் உள்ள தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்கு எமன்!

மழைத் தண்ணீரில் இறங்கி வந்தால், மெல்ல மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் ஈரம் காயும்.

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையிலான புது வண்டிகளுக்கு, ஒன்றை அமுக்கினால் இரண்டு சக்கரமும் பிடிக்கும் பிரேக்காவது கட்டாயமானது. பழைய வண்டிக்கு அந்தத் துணை கிடையாது. வீட்டை விட்டுக் கிளம்புமுன் ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டுப் போங்கள்!