நெருப்பு அணைந்த பின்

திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டைக்குச் செல்லும் பெருவழி, சுலோசன முதலியார் பாலத்தின்மேல் தாமிரபரணியைக் கடக்கிறது. 1843ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அப்பாலத்தைக் கடந்தவுடன் இருப்பது வண்ணார்பேட்டை. ஆடை வெளுப்போர் வாழ்ந்த பகுதி என்பதை அதன் பெயரே உணர்த்தும். இன்று அது கடைகளும் மருத்துவமனைகளும் வீடுகளும் நெருங்கிய நகர்ப்பகுதியாக விளங்குகிறது.

அங்குள்ள ஒரு வீட்டில் இவ்வாறு நிகழ்ந்ததாகக் கொள்க. முறுக்குச் சுடுவதற்காக எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றிய அன்னை, வாயிலில் அழைத்தவருக்கு விடை கூறச் சென்றார். சட்டியில் எண்ணெயின் வெப்பம் 300 பாகைக்கு மேல் ஏறியது. எண்ணெய் தானே தீப்பற்றிக்கொண்டது. திரும்பிய அன்னை அதன்மேல் நீரை ஊற்றவில்லை. ஊற்றியிருந்தால், நீர் எண்ணெயின் அடியிற் சென்று நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாற்புறமும் வீசி எறிந்திருக்கும். அவர் அடுப்பை அணைத்து, தட்டையான மூடியொன்றைச் சட்டியின்மேல் மெல்லத் தள்ளி மூடினார். காற்றின்றித் தீ அவிந்தது. எவருக்கும் ஊறு நேரவில்லை.

ஆயினும் புகை நாற்றம் வீட்டை விட்டு நீங்கவில்லை. மாலையில் அறைதோறும் சாம்பிராணி இட்டனர், ஊதுவத்தி ஏற்றினர். நாற்றம் மறைந்தது போல் தோன்றியது. ஐப்பசி மழை தொடங்கியதும் அது மீண்டும் எழுந்தது. உறங்கும் முதியவர் இருமினார். உண்ணும் உணவிலும் கருகல் வாடை வீசியது. அணைந்த நெருப்பின் நாற்றம் பல நாள் கழித்து எங்கிருந்து வந்தது?

நாற்றம் உருவமற்ற மாயம் அன்று. அதற்குக் காரணம் ஒரு பொருளே. அப்பொருளின் நுண்கூறுகள் காற்றில் கலந்து மூக்கை அடையும்போதே நாற்றம் தோன்றுகிறது. எண்ணெய் கருகும்போது, கண்ணை எரியச் செய்யும் அக்ரோலின் என்னும் ஆவி உண்டாகிறது. கொழுப்பு அமிலங்களும், தார் போன்ற பிசுக்கும், கரித்துகள்களும் உடன் எழுகின்றன. அத்துகள்களிற் பல, ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறிட்டால் வரும் ஒரு கூறினும் சிறியவை. ஆதலால் அவை சுவரின் நுண்துளைகளிலும், மெத்தையின் பஞ்சிலும், பத்தமடைப் பாயின் கோரை இடுக்குகளிலும் எளிதிற் புகுந்து தங்கிவிடுகின்றன. வெப்பமோ ஈரமோ மிகும்போது அவற்றிலிருந்து நாற்றம் மீண்டும் வெளிப்படுகிறது.

சாம்பிராணி இப்பொருளை நீக்குவதில்லை. அதன் மணம் சிறிது நேரம் நாற்றத்தை மறைக்கிறது. அதன் புகையோ புதிய துகள்களைச் சேர்க்கிறது. அழுக்கேறிய ஆடையின்மேல் பன்னீர் தெளிப்பதனால் ஆடை தூயதாகுமா?

முன்னாளில் ஆடை வெளுப்போர் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். உவர்மண் கரைத்த நீரில் துணியைத் தோய்த்து, வெள்ளாவியில் வைத்து, ஆற்றுநீரில் அடித்து அலசி, வெயிலில் உலர்த்தினர். உவர்மண்ணில் உள்ள சோடா உப்புகள் காரத்தன்மை உடையன. காரம் கொழுப்பு அமிலத்தோடு கூடினால் சோப்பு உண்டாகும். சோப்பு நீரிற் கரையும். இவ்வாறு பிசுக்கின் ஒரு பகுதியே பிசுக்கை நீக்கும் பொருளாக மாறிவிடுகிறது. இத்தகைய அறிவு நிறைந்த தொழிலைத் தாழ்வாகக் கருதிய காலமும் இருந்தது. அக்குறை தொழிலினுடையது அன்று, அவ்வாறு கருதியோருடையதே.

காரம், வெப்பம், நீர், வெயில் ஆகிய அந்நான்குமே புகை படிந்த வீட்டிற்கும் மருந்தாகும். முதற்கண் எதிரெதிரான சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்குதல் வேண்டும். அடுத்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, உலர்ந்த மெல்லிய துணியால் மேலிருந்து கீழாகக் கரியை ஒற்றி எடுத்தல் வேண்டும். தொடக்கத்திலேயே ஈரத்துணியால் தேய்த்தால் கரி சுவரில் அழுந்திப் படியும். பின்னர், ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, ஓடு பதித்த சுவரையும் மேடையையும் கழுவி, நல்ல நீரால் துடைத்தல் வேண்டும். கைகளுக்கு உறை அணிதல் நலம். அலுமினியப் பாத்திரங்களை இக்கரைசல் அரிக்குமாதலால் அவற்றிற்கு இது ஆகாது.

சுண்ணாம்பு பூசிய சுவராயின், பழைய பூச்சைச் சுரண்டி நீக்கிய பின்னரே புதிதாகப் பூச வேண்டும். கரியின்மேல் பூசினால் கறை மேலெழும். துணிகளைச் சோப்பு நீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். இலவம் பஞ்சு மெத்தைகளைப் பல நாள் வெயிலில் இடுதல் வேண்டும். மூடாதிருந்த உணவுப்பொருள்களைத் தயங்காது எறிந்துவிட வேண்டும்.

எஞ்சிய வாடையைக் குறைக்கக் கரியே துணை செய்யும். தேங்காய்ச் சிரட்டையைத் தக்க முறையிற் பதப்படுத்திச் செய்த ஒரு கிராம் கரியின் உட்பரப்பு 500 சதுர மீட்டருக்கும் மிகும். ஆவிகள் அப்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. முதல் உலகப்போரில் நச்சுக்காற்றைத் தடுக்கும் முகமூடிகளிலும் இவ்வகைக் கரி பயன்பட்டது. ஆயினும், கழுவாத வீட்டைக் கரி மட்டும் தூய்மையாக்காது.

ஓர் எச்சரிக்கையையும் மறத்தலாகாது. வெளுப்புத்தூளோடு எலுமிச்சைச் சாறு, புளி, காடி போன்ற புளிப்புப் பொருள்களைக் கலத்தல் கூடாது. குளோரின் என்னும் நச்சுக்காற்று உண்டாகும். நாற்றத்தை ஓட்டப் போய் உயிருக்கு ஊறு தேடிக்கொள்ளலாமா?

மறைத்தல் எளிது; நீக்குதலோ உழைப்பை வேண்டுவது. அவ்வீட்டார் சாம்பிராணித் தட்டை ஒருபுறம் வைத்துவிட்டுச் சுவரையும் துணியையும் முறையாகக் கழுவுவாராயின், அடுத்த மழையின்போது அவர்தம் வீட்டில் நனைந்த மண்ணின் மணமே வீசும்.